சைலன்சரில் செராமிக் கோட்டிங் போட்டும் சூடு அடங்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மண்டபம், பாம்பன், ராமேசுவரம் ஒரு பக்கம். கீழக்கரை, ஏர்வாடி இன்னொரு பக்கம். வடக்கே தேவிபட்டினம், தொண்டி. இந்தக் கரையில் ஓடும் வண்டிகளில் என்ஜினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதிலிருந்து இறங்கும் பைப்புக்கும் செராமிக் கோட்டிங் போட்டுவிட்டு, "அண்ணே, காசு போட்டும் சூடு குறையலையே" என்று பட்டறைக்கு வருபவர்கள் சொல்லும் குறைகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் காலி செய்யும் காரணம் கடைசியில் வரும். அதே வரிசையில் பாருங்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் முதலில் முடித்துக்கொள்வோம். ஒன்று, எந்தச் சோதனையும் வண்டி நன்றாக ஆறிய பிறகுதான். இரண்டு, உங்கள் வண்டியில் இருப்பது உண்மையிலேயே எக்ஸாஸ்டுக்கான செராமிக் கோட்டிங்தானா என்று பில்லைப் பாருங்கள். பெயிண்ட் பளபளக்க பாடிக்குப் போடும் 'செராமிக் கோட்டிங்' வேறு சரக்கு. எக்ஸாஸ்ட் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் பவுடர் கோட்டிங்கை எக்ஸாஸ்டில் அடித்துக் கொடுத்த கதையும் உண்டு. அது சுமார் 200 டிகிரியில் பேக் செய்யும் சாதாரணப் பூச்சு, முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். இவை இரண்டில் ஒன்றுதான் உங்களுடையது என்றால் கீழே படித்துப் பயனில்லை, கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள்.

## அறிகுறி 1: டெம்பரேச்சர் முள் இறங்கவே இல்லை, அல்லது ஏறுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கோட்டிங்கின் மேல் இதில் ஒரு தப்பும் இல்லை. அது பைப்பிலிருந்து வெளியே அடிக்கும் அனலைக் குறைக்கும், அவ்வளவுதான். முள் காட்டுவது கூலண்டின் சூடு. அந்தப் பக்கம் கோளாறு இருந்தால் எத்தனை கோட் அடித்தாலும் முள் அசையாது.

### ரேடியேட்டர் முகப்பு அடைத்திருக்கிறதா?

தனுஷ்கோடி சாலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் ரோட்டின் குறுக்கே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணலும் உப்பு ஈரமும் சேர்ந்து ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவில் சாந்து மாதிரி இறுகிவிடும். ஏசி வண்டியில் முன்னால் கண்டன்சர் இருப்பதால் முகப்பு சுத்தமாகத்தான் தெரியும், அடைப்பு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னால் வெளிச்சம் வருகிறதா பாருங்கள். நல்ல தண்ணீரை மெதுவான வேகத்தில், என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக அடியுங்கள். பிரஷர் கன்னை நெருக்கி அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

### உள்ளே ஊற்றியது என்ன தண்ணீர்?

மூடியை ஆறிய பிறகு திறந்து பாருங்கள். செம்பழுப்பு நிறமோ, வாயோரத்தில் வெள்ளைப் படிவோ இருந்தால் போர் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கம் பாதி ஊரில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதையே குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும், அலுமினியத்தையும் தின்னும். முழுவதும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் ஃப்ளஷ் செய்து, கலந்தே வரும் ரெடிமேட் கூலண்ட் ஊற்றுங்கள்.

### அடுத்து

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஃபேன் சுற்ற வேண்டிய நேரத்தில் சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா. அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. கழற்றி, சூடாகும் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். பல வண்டிகளில் அது 82 முதல் 88 வரை இருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று கழற்றி எறிவதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

### எப்போது மெக்கானிக்

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை, ரிசர்வாயரில் குமிழி விடுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். வண்டியை நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி 2: முள் சரியாக நிற்கிறது, ஆனால் பானெட்டும் கேபினும் கொதிக்கின்றன

கோட்டிங் குறைக்க வேண்டிய சூடு இதுதான். குறையவில்லை என்றால் காரணம் உண்டு.

### கழற்றிய ஹீட் ஷீல்டைத் திருப்பி மாட்டினார்களா?

கேட்டால் சிரிப்பீர்கள். "கோட்டிங்தான் போட்டாச்சே, இந்தத் தகரம் எதுக்கு" என்று பட்டறை மூலையில் போட்டுவிடுகிறார்கள். தகரமும் வேண்டும், பூச்சும் வேண்டும். பழைய ஷீல்டு துருப்பிடித்துப் பொடிந்திருந்தால் அலுமினியத் தகட்டில் செய்து, பைப்பிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

### நீங்கள் அளந்த விதம் சரியா?

லேசர் புள்ளி அடிக்கும் டெம்பரேச்சர் கன்னை வைத்து முன்னும் பின்னும் அளந்து, "பத்து டிகிரிகூடக் குறையலை" என்பார்கள். அந்தக் கன் பளபளப்பான பரப்பில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மங்கலான கறுப்பில் உண்மைக்கு அருகில் காட்டும். ஸ்டெயின்லெஸ் பைப்பை முதலில் வெறுமனே அளந்து, பிறகு கறுப்புக் கோட்டிங் மேல் அளந்தால், சூடு குறைந்திருந்தாலும் எண் ஏறித்தான் வரும். வெள்ளி நிறக் கோட்டிங் இதற்கு நேர்மாறு, பிரமாதமாகக் குறைந்துவிட்டதாகக் காட்டி ஏமாற்றும். ஆகவே பைப்பை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருப்பவற்றை அளக்க வேண்டும். பானெட்டின் உள்பக்கப் பெயிண்ட், ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்), ரப்பர் ஹோஸ், டிரைவர் கால் வைக்கும் மேட். ஒரே லோடு, ஒரே வேகம், ஒரே தூரம், முடிந்தால் ஒரே நேரம். உச்சிப்புளியிலிருந்து பாம்பன் பாலத்து முனை வரை ஓட்டிவிட்டு அளப்பது எனக்கு வசதி. பாலத்தின் மேல் ஏறிவிட்டால் காற்று வேறு மாதிரி அடித்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

### எவ்வளவு தூரம் பூசியிருக்கிறது?

மேனிஃபோல்டுக்கு மட்டும் போட்டு, அதன் கீழே ஃபயர்வாலை உரசிக்கொண்டு இறங்கும் பைப்பை விட்டுவிட்டால் கேபின் சூடு குறையாது. குட்டி யானை மாதிரி சீட்டுக்கு அடியிலேயே என்ஜின் இருக்கும் வண்டிகளில் இது நன்றாகத் தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்சுலேஷன் மேட் கிழிந்திருக்கிறதா, என்ஜின் மூடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த பீடிங் போனால் அனல் நேராகக் காலுக்கு வரும்.

### ஸ்ப்ரே கேனா, பேக் செய்த கோட்டிங்கா?

கேனில் அடித்த பூச்சு முதன்மையாகத் துருவைத் தடுக்கவும் தோற்றத்துக்கும்தான். அனலை ஓரளவே மறைக்கும். உள்ளும் புறமும் பூசி ஓவனில் பேக் செய்ததோடு அதை ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். இது பிழையே இல்லை, வாங்கிய சரக்கு அவ்வளவுதான்.

## அறிகுறி 3: புதுக் கோட்டிங், புகையும் நாற்றமும் வருகிறது

முதல் சில ஓட்டத்தில் லேசான புகை, பெயிண்ட் கருகும் வாடை வருவது சகஜம். குறைந்துகொண்டே போனால் விட்டுவிடலாம்.

குறையாமல் இருந்தால் யோசியுங்கள். வாட்டர் சர்வீஸ் முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. துருவுக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். அது கோட்டிங் மேல் பட்டால் புகையும், கறை நிற்கும், நேரம் சரியில்லை என்றால் தீயும் பிடிக்கும். சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவும் இல்லை என்றால் டாப் கவர் கேஸ்கட்டில் ஆயில் கசிந்து மேனிஃபோல்டில் சொட்டுகிறதா பாருங்கள்.

ஸ்ப்ரே கேன் அடித்தவர்களுக்கு ஒன்று. கேனின் மேல் சூடேற்றும் முறை எழுதியிருக்கும்: முதலில் 120 டிகிரியை ஒட்டி அரை மணி, ஆறவிட்டு 200 அளவில் அரை மணி, மறுபடி ஆறவிட்டு 300க்குச் சற்று மேல் அரை மணி, என்ற மாதிரி. உங்கள் கேனில் உள்ளபடி செய்யுங்கள். அடித்த கையோடு மாட்டி லோடு ஏற்றி ராமநாதபுரம் போய் வந்தால் மேல்தோல் மட்டும் இறுகும், உள்ளே ஈரமாகவே இருந்து பொங்கிவிடும்.

## அறிகுறி 4: பூச்சு உரிகிறது, கொப்பளம் விடுகிறது

இதில்தான் பொறுமை வேண்டும். உரிந்ததைப் பார்த்ததும் "மட்டமான கோட்டிங்" என்று முடிவு கட்டாதீர்கள். பிளேடு முனையால் ஒரு செதிலைத் தூக்கி எடுத்து, திருப்பி, அதன் முதுகைப் பாருங்கள். காரணம் அங்கேதான் தெரியும்.

### முதுகில் செந்துரு ஒட்டியிருக்கிறது

பூச்சுக்கு அடியில் உப்பு இருந்திருக்கிறது, அல்லது ஊசித் துளை வழியாகப் பிறகு போயிருக்கிறது. நம் கரையில் பார்ப்பதில் பெரும்பங்கு இதுதான். இரும்பை பிளாஸ்டிங் செய்து, அதாவது துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துருவைச் சுரண்டி, வெள்ளையாக்கிய பிறகு மண்டபத்துக் காற்றில் கொஞ்ச நேரம் வைத்தாலே மஞ்சள் படர ஆரம்பித்துவிடும். காலையில் பிளாஸ்டிங், மறுநாள் பூச்சு என்றால் துருவின் மேல்தான் பூச்சு உட்காருகிறது. அன்றைக்கே, மூடிய அறையில், கையுறை போட்டு அடிக்க வேண்டும். வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் ரேகை அச்சிலேயே துரு கிளம்பியதையும் பார்க்கலாம்.

மீன் லோடு வண்டிகளில் வேறொரு வழி உண்டு. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பிளாட்பாரத்து ஓட்டை வழியாகச் சூடான பைப்பில் சொட்டும். சூடும் குளிரும் மாறி மாறி அடித்து அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விடும், உப்பு உள்ளே இறங்கும். பைப்பின் மேல்பக்கம் மட்டும், ஒரே கோட்டில் உரிந்திருந்தால் தலைக்கு மேலே ஓட்டையைத் தேடுங்கள். ஒரு சாண் ஹோஸ் மாட்டி வடிகாலைத் திருப்பிவிட்டாலே போதும்.

### முதுகு சுத்தம், அடியில் பளபளக்கும் இரும்பு

பிளாஸ்டிங்கே செய்யவில்லை. எமரி தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து அடித்திருக்கிறார்கள். பிடிமானம் இல்லை. ஒட்டுப் போட முடியாது, மொத்தத்தையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

சொந்தமாகச் செய்பவர்கள் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து பிளாஸ்டிங் செய்வது கூடவே கூடாது. அதில் உப்பு இருக்கிறது, அது பூச்சைக் கெடுக்கும். அதைவிட, மணல் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிகோசிஸ் வரும், அதற்குத் தீர்க்கும் மருந்து கிடையாது. அலுமினியம் ஆக்சைடு கிரிட் கிடைக்கும், அதையும் முகமூடியும் கேபினெட்டும் உள்ள பட்டறையில் விட்டு அடியுங்கள்.

### முதுகு கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது

பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வருடக்கணக்கில் ஆயிலைக் குடித்திருக்கும். வெளியே துடைத்தால் போகாது. பூச்சு பேக் ஆகும் சூட்டைவிடக் கூடுதலாக ஓவனில் வைத்து ஆயிலைக் கக்க வைத்து, அதன் பிறகு பிளாஸ்டிங் செய்ய வேண்டும். இதைச் செய்தீர்களா என்று பூச்சுக்காரரிடம் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

### செதிலே வரவில்லை, பொடியாக உதிர்கிறது, அதுவும் முதல் வளைவில் மட்டும்

பூச்சின் தாங்கும் சூட்டைத் தாண்டியிருக்கிறது. மினுமினுக்கும் வெள்ளி நிற வகை சுமார் 700 டிகிரி வரைதான் தாங்கும். டீசல் வண்டிக்கு அது பெரும்பாலும் போதும். பெட்ரோல் டர்போவில் முழு லோடில் எக்ஸாஸ்ட் புகை 800, 900 என்று போகும், அதற்கு அதிகச் சூடு தாங்கும் கறுப்பு அல்லது வெள்ளை வகைதான் சரி.

டீசல் வண்டியிலேயே இப்படி ஆனால் எக்ஸாஸ்ட் சூடு ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர். மணல் அடைத்த ஃபில்டரில் காற்று குறையும், புகை கறுக்கும், சூடு ஏறும். ஃபில்டரை மாற்றியும் கரும்புகை நிற்கவில்லை என்றால் டர்போ ஹோஸில் கசிவு, அப்புறம் இன்ஜெக்டர். இன்ஜெக்டரை பம்ப் கடையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும், வீட்டில் நோண்டும் சமாச்சாரம் இல்லை.

### வெல்டிங் ஓரத்தில் கோடாக உரிந்திருக்கிறது

அடியில் விரிசல் இருக்கலாம். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது கோடாக ஊறித் தெரியும். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பைப் என்றால் வெல்டிங் பட்டறையில் முடியும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் அதை முன்சூடு கொடுத்து ஒட்டத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும், இல்லை புதிதாக வாங்க வேண்டும்.

உரிந்த பூச்சின் மேல் ஹீட் ராப் துணியைச் சுற்றி மறைக்கும் யோசனை வரும். வேண்டாம். இந்த ஊர் ஈரத்தையும் உப்பையும் அந்தத் துணி பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே பைப் அரித்துப் போவது கண்ணுக்கே தெரியாது.

## அறிகுறி 5: காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது

மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு. கோட்டிங்குக்காகக் கழற்றி மாட்டிய வண்டியில்தான் இது அதிகம்.

முதலில் நட்டுகள். ஓடிச் சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. பிறகு கேஸ்கட் ஓரத்தில் கறுப்புக் கரி விசிறியாகப் படிந்திருக்கிறதா பாருங்கள், கசியும் இடம் அதுதான். பழைய கேஸ்கட்டையே போட்டிருந்தால் மாற்றுங்கள். புதிது போட்டும் கசிந்தால் ஃபிளாஞ்சின் முகத்தில் பூச்சு இருக்கிறதா பாருங்கள். கேஸ்கட் உட்காரும் முகத்தையும் மரையையும் மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். மறைக்காமல் பூசினால் அந்தப் பூச்சு சூட்டில் நசுங்கி, இறுக்கம் போய்விடும். முகத்தை லேத் பட்டறையில் லேசாக மட்டம் பிடித்துவிட்டால் வளைவும் சரியாகிவிடும்.

ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் நிற்கிறதா? நம் கரையில் துருவால் இது நடக்கும். ஸ்டட் எக்ஸ்ட்ராக்டரை வைத்து நீங்களே முயலாதீர்கள். அது உள்ளே முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். பட்டறைக்கு விடுங்கள்.

கேபினுக்குள் எக்ஸாஸ்ட் வாடை வந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அது கூடவே வந்துகொண்டிருக்கும். மீன் இறங்குதளத்தில் ராத்திரி லோடுக்குக் காத்திருக்கும்போது ஏசியைப் போட்டுக்கொண்டு என்ஜின் ஓட வண்டிக்குள் தூங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

## அறிகுறி 6: செக் என்ஜின் லைட் எரிகிறது

ஆக்சிஜன் சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்தார்களா, வயர் பைப்பில் பட்டு உருகியதா. அது சரி என்றால் அறிகுறி 5-இல் சொன்ன கசிவு. அதுவும் இல்லை என்றால் சென்சாரை மாட்டியபடியே பூச்சு அடித்தார்களா அல்லது சூடேற்றினார்களா என்று கேளுங்கள். சிலிகான் கலந்த புகை சென்சாரைக் கெடுக்கும், கெட்டால் மாற்றுவதுதான் வழி.

பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் என்றால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர், டிபிஎஃப் இரண்டின் உடம்பிலும் கோட்டிங் போடச் சொல்லாதீர்கள், அவற்றைக் கழற்றச் சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். வாரன்டி உள்ள வண்டி என்றால் எக்ஸாஸ்டில் கை வைக்கும் முன்பே கம்பெனி சர்வீஸில் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி 7: முன்னால் குறைந்தது, பின்னால் புதிதாகச் சூடு

கோட்டிங் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். முன்னால் வெளியேறாத சூடு புகையோடு பின்னால் போகிறது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் மவுண்டுகள் வெடித்திருக்கிறதா, பிரேக் ஹோஸும் டீசல் லைனும் பைப்புக்கு மிக அருகில் போகிறதா, ஸ்டெப்னி டயர் அனல் படும் இடத்தில் இருக்கிறதா பாருங்கள். மீன் வண்டியில் ஒரு மூலைப் பெட்டியில் மட்டும் ஐஸ் சீக்கிரம் கரைகிறது என்றால், அதன் நேர்கீழே சைலன்சர் இருக்கும். நடுவில் ஒரு தகடு போதும். நிறுத்தும்போது அடியில் காய்ந்த பனையோலையோ கருவேலஞ் சருகோ இல்லாமல் பார்த்து நிறுத்துங்கள்.

## எப்போது கழுவுவது, எப்போது கழற்றுவது

தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய் வந்த அன்றே, பைப் கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். கொதிக்கும் மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால் அங்கே ஓடுவது போர் தண்ணீரா என்று கேட்டுவிடுங்கள். கழுவியதும் சில நிமிடம் ஓட்டிக் காயவிடுங்கள்.

மீன் லோடு வண்டிக்காரர்கள் கோட்டிங் வேலையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூருக்கு அனுப்பி வாங்க நாள் ஆகும், அப்போது வண்டி எப்படியும் சும்மாதான் நிற்கும். அனுப்பும்போது மேனிஃபோல்டோடு ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள்: டீசலா பெட்ரோலா, டர்போ உண்டா, கேஸ்கட் முகத்தையும் மரையையும் மறைத்துவிட்டுப் பூசவும். திரும்பி வந்ததும் மாட்டும் முன் அந்த முகங்களை விரலால் தடவிப் பாருங்கள்.